வாய் இருக்கும்போதே சொல்லிவையுங்கள்

"கிடையில விழாம, யாருக்கும் பாரமில்லாம போய்ச் சேர்ந்துரணும்." நம் வீடுகளில் அறுபதைத் தாண்டியவர்கள் இதைச் சொல்லிக் கேட்காதவர் இருக்க முடியாது. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது பலருக்கு இதுதான் முதல் வேண்டுதல். சொன்ன மறுநொடி அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்: "மொதல்ல வாயைக் கழுவுங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" பேச்சு அத்தோடு முடிந்தது. பாரமில்லாமல் என்றால் என்ன, எது வேண்டும், எது வேண்டாம் என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

எங்கள் அத்தையும் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். 81 வயதில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினேழு நாள் ஐசியு. வாசலில் இரும்பு நாற்காலிகள், சுவரோரம் தலையணையும் பிளாஸ்க்குமாகப் பல குடும்பங்கள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நர்ஸ் அட்டையில் செருகிய படிவத்தோடு வெளியே வந்து, "கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வைக்கணும். யாரு சார் சைன் பண்றீங்க?" என்றார். அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் நியூஜெர்சியிலிருந்து போனில், "நான் வர்ற வரைக்கும் எதையும் எடுக்கச் சொல்லிராதீங்க" என்று அழுதார். பத்து வருடமாக அத்தையைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்ட கடைசி மகனுக்கு அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால், "காசுக்குப் பார்க்கிறான்" என்று பெயராகிவிடும். கையெழுத்துப் போட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தபோது அத்தையின் இடது கையைக் காடாத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். செயல்பட்ட கை அது ஒன்றுதான். "குழாயைப் பிடுங்கிர்றாங்க, அதான்" என்றார் நர்ஸ். அது 'வேண்டாம்' என்று சொன்ன கையா, வெறும் எரிச்சலில் இழுத்த கையா? யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு தாள் போதுமாயிருந்தது.

அந்தத் தாளைத்தான் லிவிங் வில் என்கிறார்கள். தமிழில் வாழ்நாள் உயில், வாழும் உயில் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதுகின்றன. நீதிமன்ற மொழியில் 'முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல்'. பேர் எதுவானாலும் விஷயம் ஒன்றே. சொத்து உயில் நாம் செத்த பிறகு பேசும். இது நாம் உயிரோடு இருந்தும் பேச முடியாமல் கிடக்கும்போது நமக்காகப் பேசும். குணமாக வழியில்லாத நிலையில் எந்த வைத்தியம் வேண்டாம், அப்போது நம் சார்பில் சம்மதம் சொல்பவர் யார் என்று நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதிவைப்பது. நாமே தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்வரை இந்தத் தாளுக்கு வேலையே இல்லை. டாக்டர் நம்மைத்தான் கேட்க வேண்டும்.

இந்தியாவில் இது சட்டமாக வந்த கதைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் இருக்கிறார். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளானார். மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் போனது. அதன்பின் 2015 மே 18 அன்று இறக்கும்வரை, சுமார் 42 ஆண்டுகள், அதே ஆஸ்பத்திரியின் கட்டிலில் கிடந்தார். அவரைப் போகவிட வேண்டும் என்று கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இத்தனை வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் காப்பாற்றிய ஆஸ்பத்திரி ஊழியர்கள், கூடாது என்றார்கள். 2011 மார்ச் 7-ஆம் தேதித் தீர்ப்பில், அருணாவுக்காகப் பேசும் உரிமை அந்த ஊழியர்களுக்கே என்று சொல்லி, விரானியின் கோரிக்கையை நீதிமன்றம் தள்ளியது. அதே தீர்ப்பில்தான், தகுந்த நிலையில் உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கதவும் திறந்தது. மூன்று நான்கு தரப்பு பேசிய அந்த வழக்கில் அருணா என்ன விரும்பியிருப்பார் என்பதற்கு மட்டும் ஒரு வரிச் சான்றும் கிடையாது. இருபத்தைந்து வயதில் யார் எழுதிவைப்பார்கள்?

'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005-லேயே போட்டிருந்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும். ஒருவர் முன்கூட்டி எழுதிவைக்கும் அறிவுறுத்தல் செல்லும் என்றது. சரி, எழுதலாம் என்று கிளம்பியவர்களுக்குத்தான் சிக்கல். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னால் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும், அது நடைமுறைக்கு வரும்போது கலெக்டர் அமைக்கும் இருபது வருட அனுபவ டாக்டர் குழு, பிறகு மாஜிஸ்திரேட்டே கட்டிலருகில் வந்து பார்ப்பது என்று படிக்குப் படி முட்டுக்கட்டை. உரிமையைக் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கையையும் கட்டிப்போட்ட மாதிரி. தீவிர சிகிச்சை டாக்டர்களின் சங்கமே நீதிமன்றத்தில் முறையிட்டது. 2023 ஜனவரி 24 அன்று விதிகள் தளர்ந்தன. இன்று நடப்பில் இருப்பது இந்த 2023 விதிகள்தான். பழைய செய்தித் துணுக்கைப் படித்துவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய் நிற்காதீர்கள்.

இப்போது வேண்டியது இவ்வளவே. 18 வயது நிரம்பி, சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் வேண்டாதவர்களும் இல்லாமல், நம் சொத்தில் கண் வைத்தவர்களும் இல்லாமல் இருப்பது நல்லது. நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளிக்க வேண்டும். பதிவு அலுவலக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம். இரண்டு தாள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதுதான் செல்லும்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து, 'எந்தக் கருவியும் எனக்கு வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது ஆபத்து. வென்டிலேட்டர் எமனின் வாகனம் ஒன்றும் இல்லை. நிமோனியா முற்றி நாலு நாள் அதில் இருந்துவிட்டு, பிறகு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து சண்டை போடுகிற அறுபது வயதுக்காரர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். ஆகவே 'எது வேண்டாம்' என்பதற்கு முன் 'எந்த நிலையில்' என்பது வர வேண்டும். நான் எழுதியதைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்:

"எனக்கு இனிக் குணமாக வழியில்லை என்று டாக்டர்கள் முடிவுசெய்து, நானும் பேசி முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோது, என்னை வென்டிலேட்டரில் போட வேண்டாம். முன்பே போட்டிருந்தால் எடுத்துவிடலாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டாம். டயாலிசிஸ் வேண்டாம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் எவ்வளவு மருந்து தேவையோ அவ்வளவும் கொடுங்கள். முடிந்தால் வீட்டில் வைத்திருங்கள். இதன் விளைவு என்ன என்பது எனக்குத் தெரியும். இதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வேன் என்பதும் தெரியும்."

இதை எழுதுவதற்கு முன் தெரிந்த டாக்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். நெஞ்சை அழுத்துவது என்று சினிமாவில் பார்ப்பது வேறு, எலும்பு தேய்ந்த எண்பது வயது உடம்பில் அது நடப்பது வேறு என்று அவர் சொல்லித்தான் தெரியும். விலா எலும்பு முறிவதும் உண்டாம். மூக்குக் குழாய் வழி உணவு பற்றி மட்டும் இன்னும் எனக்குள் முடிவாகவில்லை. அந்த வரியை விட்டுவைத்திருக்கிறேன். முடிவாகாததை முடிவானதுபோல எழுதுவதைவிட அது மேல்.

அடுத்து, யார் பெயரைப் போடுவது. முழுத் தாளிலும் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. 2023 விதிப்படி ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களையும் போடலாம். நம் வழக்கப்படி மூத்த மகன் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். கொள்ளி வைக்கும் முறைக்கு அது சரி. இதற்கு வேண்டியவர் வேறு மாதிரி ஆள். ஐசியு வாசலில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசும்போது உடைந்து போகாதவர். கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியவர். முக்கியமாக, தன் ஆசையை நம் தலையில் கட்டாமல் நம் ஆசையைச் சொல்பவர். அதிகம் பாசம் வைத்திருப்பவரே இதற்குத் தோதானவர் என்று சொல்ல முடியாது; பல சமயம் அவரால்தான் விடவே முடியாது. நான் என் மனைவி பெயரைப் போடவில்லை. தங்கை மகள் பெயரைப் போட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அப்புறம் மனைவியே, "எனக்கு அந்தத் தெம்பு இருக்காதுதான்" என்றாள்.

பெயர் போட்டால் மட்டும் போதாது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காதிலும் போட்டுவைக்க வேண்டும், குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர் காதில். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி அதிகம்; கடைசி நேரத்தில் விமானம் பிடித்து வந்து, 'எல்லாம் செய்யுங்கள்' என்று அவர்தான் பிடிவாதம் பிடிப்பார். அவர்மேல் தப்பில்லை. அம்மா சொன்னதை அவர் தம் காதால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, அந்தத் தாள் வேலை செய்யும் விதம். தாளை நீட்டியதும் டாக்டர் சுவிட்சை அணைத்துவிடுவார் என்று சிலர் பயப்படுகிறார்கள், சிலர் எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் நடக்காது. முதலில் தாள் உண்மைதானா என்று பார்ப்பார்கள். பிறகு ஆஸ்பத்திரி ஒரு குழு அமைக்கும்: வைத்தியம் பார்க்கும் டாக்டர், அவரோடு அந்தத் துறையில் ஐந்து வருட அனுபவமாவது உள்ள இருவர். கூடியவரை 48 மணி நேரத்துக்குள் அவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சரி என்றால் இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டர் இருப்பார், முதல் குழுவில் இருந்தவர்கள் இருக்கக் கூடாது. அவர்களுக்கும் 48 மணி நேரம். தாளில் பெயர் உள்ளவர்களின் சம்மதமும் வேண்டும். எல்லாம் கூடி வந்தபின், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்துவிட்டு சிகிச்சையை விலக்கலாம். அவருடைய அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தாளே எழுதாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே இரண்டு குழு வழி உண்டு. அப்போது பாரம் முழுக்கக் குடும்பத்தின் தலையில்.

இந்த வழி தெரியாததால் நம் ஊரில் நடப்பது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். "இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று டாக்டர் தணிந்த குரலில் சொல்வார். 'டாக்டர் சொல்லைக் கேளாமல் எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று குடும்பம் எழுதிக் கொடுக்கும். சொன்னது டாக்டர், பழி குடும்பத்துக்கு. ஆம்புலன்ஸில் ஒருவர் ரப்பர் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார். வீட்டுக் கூடத்தில் இறக்கி, கிழக்கோ தெற்கோ பார்த்துக் கிடத்தி, சொந்தபந்தம் பாலை ஊற்றியபின் குழாயை உருவுவார்கள். அந்தக் கடைசி நிமிடங்களுக்கு ஒரு சொட்டு வலி மருந்து கிடையாது, பக்கத்தில் நர்ஸ் கிடையாது. போகிறவருக்குத் தன் வீடு, தன் மனிதர்கள் என்ற ஆறுதல் இருக்கிறது, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் மூச்சுத் திணறித் திணறிப் போக வேண்டும் என்பது எந்த சாத்திரத்திலும் இல்லை. அதே முடிவை, பொய்க் கையெழுத்து இல்லாமல், மார்ஃபின் கொடுத்து, சாவகாசமாக எடுக்க இப்போது சட்டத்தில் இடமிருக்கிறது.

கருவியை எடுப்பது வைத்தியத்தை நிறுத்துவது ஆகாது. வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்று ஒரு துறையே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் சேவைகளில் இதுவும் ஒன்று. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மார்ஃபின் என்றதும் பலர் பதறுவார்கள். புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு டாக்டர் கணக்கிட்டுக் கொடுக்கும் மார்ஃபின் போதைப் பழக்கத்தில் சேராது.

கருவியை எடுப்பதைக் கருணைக்கொலை என்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம். எந்தத் தாளில் எழுதினாலும் செல்லாது. இங்கே நடப்பது, நோய் தன் போக்கில் முடிவதைக் கருவி கொண்டு தள்ளிப்போடாமல் இருப்பது. மூளைச்சாவும் வேறு. மூளைச்சாவு அடைந்தவர் சட்டப்படி இறந்தவர். உறுப்புதானம் அந்தக் கட்டத்தில் வருவது. மனநலச் சட்டம் 2017-இன் கீழும் ஒரு முன் அறிவுறுத்தல் உண்டு. அது மனநோய்ச் சிகிச்சைக்கானது, இதோடு சேர்க்கக் கூடாது.

தென்மாவட்டக்காரர்கள் வாயில் வராமல் மனதில் நினைப்பது ஒன்று இருக்கிறது: தலைக்கூத்தல். "அதைத்தானே சட்டமாக்கிட்டாங்க" என்று விருதுநகர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் என்னிடமே கேட்டார். படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய்க் குளியலும் இளநீருமாகச் சாகவிடும் அந்த வழக்கத்தில் நாள் குறிப்பது பிள்ளைகள். கிழவரையோ கிழவியையோ யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் மறுக்கும் இடத்தில் அவர் இல்லை. வாழ்நாள் உயிலில் முதல் சொல்லே அவருடையதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்து, "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டினால் அது தலைக்கூத்தலின் நகல்தான். சாட்சிகளும் நோட்டரியும் அதைத் தடுக்கத்தான் இருக்கிறார்கள். வெறும் சீல் குத்துகிற நோட்டரியை விட்டுவிட்டு, நாலு கேள்வி கேட்கிறவரிடம் போங்கள்.

எழுதியாயிற்று, எங்கே வைப்பது? தாளில் பெயர் உள்ளவர்களிடம் ஒரு நகல், குடும்ப டாக்டரிடம் ஒரு நகல். உள்ளாட்சி அமைப்பிடமும் ஒரு நகல் தர வேண்டும். அதைக் காத்துவைக்க ஓர் அலுவலரை நகராட்சியோ ஊராட்சியோ நியமிக்க வேண்டும் என்பது விதி. கவுன்ட்டரில் கேட்டால், "என்னது சார் அது?" என்று விழிப்பவர்களும் இருப்பார்கள், சளைக்காமல் மனுவாக எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்த உரிமையை ஆஸ்பத்திரிகளில் நடைமுறைப்படுத்த உத்தரவே போட்டது. கோவாவில் 2024-இல் பதவியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ்.சோனக் தம் வாழ்நாள் உயிலைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டார். கேட்கக் கேட்கத்தான் கவுன்ட்டர்கள் பழகும்.

என் தாளின் மூலம் பீரோவில், ரேஷன் கார்டும் இன்ஷூரன்ஸ் பாலிசியும் இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அண்ணி மட்டும் 'வாயைக் கழுவுங்க தம்பி' என்று பதில் போட்டார். இரண்டு நாள் கழித்து அவரே தனியாகக் கூப்பிட்டு, நோட்டரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

தாளை பேங்க் லாக்கரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் அது தேவைப்படுவது பெரும்பாலும் ராத்திரி நேரத்தில்.